பிடியரிசியும் உற்சாகமும்: தமிழ்க் கிறித்தவக் கொடைச் சொற்கள் ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தென் கொல்கத்தாவில் சியால்தா தெற்கு இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி டாக்குரியா. அதன் மேற்கே 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டுக் கழகம் வெட்டிய பெரிய ஏரி உள்ளது. டாக்குரியா ஏரி என்று முன்னர் வழங்கிய அது இன்று ரவீந்திர சரோவர் எனப்படுகிறது. ஏரிக்கு வடமேற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். ஆதலின் தமிழும் வங்காளமும் அன்றாடம் உராயும் இடங்களுள் ஒன்றாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

ஆண்டுதோறும் துர்க்கை வழிபாட்டுக் காலம் நெருங்கும்போது டாக்குரியாவின் வீட்டு வாயில்களில் தவறாது ஒலிக்கும் சொல் 'சாந்தா' என்பது. பகுதி மக்கள் பொதுவில் நடத்தும் விழாவுக்கு வீடுதோறும் தண்டப்படும் தொகையை அது குறிக்கும். 'எத்தனை, சில' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த இதுவே தமிழில் 'சந்தா' என வழங்குகிறது. தமிழில் இச்சொல் இதழுக்கும் சங்கத்துக்கும் குறித்த காலத்தில் செலுத்தும் கட்டணம் என்ற அளவில் நின்றுவிட்டது. வங்காளத்திலோ அது கொடைக்கும் வரிக்கும் இடைப்பட்டதாக உள்ளது. கேட்பவர் அண்டை வீட்டார். கொடுக்க மறுத்தல் எளிதன்று. இதனின் வேறாக வங்காளத்தில் 'முஷ்டிபிக்ஷா' என்றொரு சொல் உண்டு. 'முஷ்டி' என்பது மூடிய கை. அக்கை கொள்ளும் அளவு அரிசியை நாள்தோறும் ஒதுக்கிப் பொதுப்பணிக்கு அளிப்பதை இச்சொல் சுட்டும். தமிழில் இதற்கு நேரானது 'பிடியரிசி'.

ஒரே தெருவில் வழங்கும் இவ்விரு சொற்களும் கொடையின் இரு நிலைகளைக் காட்டுகின்றன. முன்னது கேட்டுப் பெறுவது. பின்னது கேளாமலே ஒதுக்கப்படுவது. மனமுவந்து கொடுத்தல் என்பதைச் சமயக் கடமையாக வற்புறுத்தும் கிறித்தவம் தமிழ்ச் சூழலில் இவ்விரு நிலைகளையும் எதிர்கொண்டது. அவ்வனுபவம் தமிழ்க் கிறித்தவர்தம் கொடைச் சொற்களில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும்

கிறித்தவக் கொடைக் கருத்தின் மூலப்பகுதிகளுள் ஒன்று, பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டு, ஒன்பதாம் இயல்களாகும். எருசலேமில் வறுமையுற்ற கிறித்தவர்களுக்காக மக்கெதோனியா, அகாயா முதலிய பகுதிகளில் பொருள் திரட்டிய சூழலில் அப்பகுதி எழுந்தது. அங்குக் கொடுப்பவனுக்கு அடையாக வரும் கிரேக்கச் சொல் 'ஹிலரொஸ்' என்பது. மகிழ்வு வெளிப்படத் தோன்றும் நிலையை அது குறிக்கும். எபிரேய நீதிமொழிகளின் கிரேக்க மொழிபெயர்ப்பில், எபிரேய மூலத்தில் காணப்படாத ஒரு தொடர் இருபத்திரண்டாம் இயலில் உள்ளது. மகிழ்வோடு கொடுப்பவனைக் கடவுள் வாழ்த்துகிறார் என்பது அதன் கருத்து. பவுல் அத்தொடரையே நினைவில் கொண்டு எழுதினார் என்பது அறிஞர் கொள்கை.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு நீண்டது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர்ப் பப்ரிசியஸ், இரேனியஸ், பெர்சிவல் முதலியோரின் பெயர்ப்புகள் தோன்றின. இன்றும் சீர்திருத்தச் சபையாரிடையே பெரிதும் வழங்கும் பெயர்ப்பு, பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871-இல் வெளிவந்ததாகும். இப்பெயர்ப்பு 'ஹிலரொஸ்' என்பதற்கு 'உற்சாகம்' என்ற சொல்லை ஆள்கிறது. அதற்கு எதிர்நிலையில் 'விசனம்', 'கட்டாயம்' என்ற இரு சொற்கள் நிற்கின்றன. உரோமையர் திருமுகத்தின் பன்னிரண்டாம் இயலில் இரக்கம் காட்டுவோரைப் பற்றிய இடத்திலும், அதே கிரேக்க வேரினின்று பிறந்த சொல்லுக்கு 'உற்சாகம்' என்பதே வருகிறது.

வடமொழியில் 'உத்ஸாஹ' என்பது முயற்சி, ஊக்கம், தளராமை ஆகிய பொருள்களையுடையது. வடமொழிச் சுவைக் கோட்பாட்டில் வீரச் சுவையின் நிலைபேறான உணர்வு இதுவே. ஆகவே இச்சொல்லின் அடிப்படை செயலில் இறங்கும் உள்ளத்தின் எழுச்சியாகும்; மகிழ்ச்சி என்பது தமிழ் வழக்கில் வலுப்பெற்ற பொருள். 'உற்சாகமாய் இருக்கிறான்' என்று தமிழர் கூறும்போது மகிழ்வும் சுறுசுறுப்பும் ஒருங்கே புலப்படுகின்றன.

இங்குக் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதே 1871-ஆம் ஆண்டுப் பெயர்ப்பின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமத்தில், 'உற்சாகபலி' என்ற தொகைச்சொல் வருகிறது. அதற்கு மூலமான எபிரேயச் சொல் 'நெதாபா' என்பது. நேர்ச்சையினாலோ சட்டத்தினாலோ கடமைப்படாமல் ஒருவர் தாமே விரும்பிக் கொடுப்பது என்பது அதன் பொருள். மகிழ்ச்சி அதன் நேர்ப்பொருளன்று. ஆங்கிலத்தின் பழைய அரசாணைப் பெயர்ப்பு இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களைத் தருகிறது: ஒன்று தன்விருப்பத்தைச் சுட்டுவது, மற்றொன்று மகிழ்வைச் சுட்டுவது. தமிழிலோ 'உற்சாகம்' என்ற ஒரு சொல்லே இரண்டிற்கும் உரியதாயிற்று. இதனைச் சொற்குறை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. கட்டாயமின்மையும் மகிழ்வும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற புரிதலைத் தமிழ் வாசகர் இச்சொல்லாட்சி வழியே பெற்றனர் எனலாம். கட்டாயம் நீங்கிய இடத்தில்தான் உற்சாகம் உண்டு. உற்சாகம் இல்லாத இடத்தில் கட்டாயம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

வங்காளப் பெயர்ப்பு மரபு வேறு வழியிற் சென்றது. வில்லியம் கேரி செராம்பூரில் 1801-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கிய அம்மரபின் வழக்கிலுள்ள பெயர்ப்பு, கொரிந்தியர் பகுதிக்கு 'ஹ்ருஷ்டசித்த' என்ற அடையைத் தருகிறது. களிப்புற்ற உள்ளம் என்பது அதன் பொருள். ஆகவே டாக்குரியாவில் வங்காள விவிலியம் படிப்பவர் உள்ளத்தின் களிப்பையும், தமிழ் விவிலியம் படிப்பவர் உள்ளத்தின் எழுச்சியையும் அதே இடத்தில் காண்கின்றனர்.

3. ஈ, தா, கொடு

கிறித்தவம் தமிழகத்துக்கு வந்தபோது கொடை பற்றிய தமிழ்ச் சிந்தனை நன்கு வளர்ந்திருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று வினைகளையும் இரப்போனின் நிலை பற்றி வகுக்கிறது. தாழ்ந்தோன் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். வழங்கும் பொருள் ஒன்றாயினும், கேட்கும் சொல்லே இருவரிடையுள்ள உயர்வு தாழ்வை அறிவித்துவிடுகிறது.

திருக்குறள் இச்சிக்கலை அறநோக்கில் அணுகுகிறது. ஈகை அதிகாரம், கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாதவர்களோ பொருளைச் சேர்த்துவைத்து இழப்பவர்கள் என்று வினவுகிறது. அதே அதிகாரத்தின் மற்றொரு குறள், இரந்தவருடைய முகம் மலரக் காணும்வரை இரக்கப்படுவதும் துன்பமே என்கிறது. இனியவை கூறல் அதிகாரமோ, உள்ளம் மகிழ்ந்து பொருள் கொடுப்பதினும் முகம் மலர்ந்து இன்சொல் கூறுதல் நன்று என்று ஒரு படி மேலே செல்கிறது. கொடுப்பவர் உள்ளம், கொடுப்பவர் முகம், பெறுபவர் முகம் என மூன்று இடங்களில் வள்ளுவர் மகிழ்வைத் தேடுகிறார். 'உற்சாகம்' என்ற சொல் இவற்றுள் முதலாவதை மட்டுமே சுட்டவல்லது. பெறுபவர் முகத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. தமிழ்க் கிறித்தவக் கொடையின் வரலாற்றில் இவ்விடைவெளி பின்னர் ஒரு பெருவினாவாக எழுந்தது.

4. திருநெல்வேலியில் கொடைச் சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவச் சிற்றூர்கள் பல தோன்றின. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், 1830-இல் 'தர்ம சங்கம்' என்ற அமைப்பை உருவாக்கினார். புதிதாகச் சமயம் தழுவி இடர்ப்பட்டோர் குடியேற நிலம் வாங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 'தருமம்' என்ற பழஞ்சொல் இங்கே இரவலர்க்கு இடுவது என்ற பொருளைக் கடந்து, ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒருவரையொருவர் தாங்குவது என்ற பொருளைப் பெற்றது. எருசலேமுக்கான பொருள் திரட்டலைக் குறிக்க விவிலியப் பெயர்ப்பு 'தர்மப்பணம்' என்ற தொகைச்சொல்லைக் கையாள்வதும் இத்துடன் ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

திருச்சபை வழக்கில் நிலைபெற்ற பிற சொற்களும் தனித்தனி வரலாறு உடையவை. 'காணிக்கை' என்பது காண் என்னும் வினையடியாகப் பிறந்தது. உயர்ந்தோரைக் காணச் செல்பவர் கொண்டு செல்லும் பொருள் அது. 'தசமபாகம்' பத்தில் ஒன்று என்ற கணக்கைச் சுட்டும். 'சங்கக் காணிக்கை' சபை உறுப்பினர் காலமுறைப்படி செலுத்தும் தொகை. திருச்சபைத் தேர்தல் வாக்குரிமையோடு இது பிணைக்கப்பட்டுள்ளது. தென்மாவட்ட வணிகர்களிடையே வழங்கிய 'மகமை' என்ற பொதுநிதி முறையும் வரையறுத்த பங்கே. இவை யாவும் அளவும் கணக்கும் உடையவை. கணக்கின்றி நிறுவனம் நடவாது என்பது உண்மை. ஆயினும் கணக்கேட்டில் எழுதப்படும்போது கொடை, சந்தாவை நெருங்குகிறது.

இதற்கு மறுதலையாக இருவகை வழக்குகள் மக்களிடையே வளர்ந்தன. ஒன்று 'அசனம்'. உணவு எனப் பொருள்படும் இவ்வடசொல், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில், ஊரார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொதுவிருந்துக்குப் பெயராயிற்று. பொருள் கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே பந்தியில் உண்பர். மற்றொன்று அறுவடைக்குப் பின் வரும் தோத்திரப் பண்டிகை. விளைபொருள்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவது அதன் வழக்கம். ஒரு முட்டையோ வாழைத்தாரோ சந்தை விலையைப் பன்மடங்கு மிஞ்சிப் போகும். அங்கே சிரிப்பும் ஆரவாரமும் உண்டு. போட்டியும் பெயர் விளங்கும் ஆசையும்கூட உண்டு. உற்சாகம் தற்பெருமையாக மாறும் எல்லை அவ்விடத்தில் மிக மெல்லியது.

5. பிடியரிசி

இவற்றினின்றும் வேறுபட்டது பிடியரிசி. சமைக்கும் முன் வீட்டாருக்கு வேண்டிய அரிசியை அளந்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவர். கலம் நிறைந்ததும் அவ்வரிசி கோயிலுக்குச் செல்லும்; விற்ற பணம் ஊழியருக்கோ நற்செய்திப் பணிக்கோ வறியோர்க்கோ பயன்படும். 'பிடி' என்பது பற்றுதலைக் குறிக்கும் வினை. அதுவே கையளவையும் குறிக்கும். பற்றிக்கொள்ளும் கையே விட்டுக்கொடுக்கும் அளவாக அமைவது இச்சொல்லின் சிறப்பு.

இவ்வழக்கத்தின் இயல்புகள் நான்கு. முதலாவது, கொடுப்பவர் பெரும்பாலும் பெண். நிலமும் பணமும் ஆடவர் பெயரில் இருந்த வீட்டில், அடுப்படி அரிசி அவர் கையில் இருந்தது. இரண்டாவது, அளவு சிறியது, வறியவரும் கொடுக்கலாம். மூன்றாவது, மிஞ்சியதிலிருந்து கொடுக்கப்படுவதன்று. உலையில் இடுமுன் எடுக்கப்படுவது. நான்காவது, கலத்தில் விழும் பிடியைப் பிறர் காண்பதில்லை. எந்நாள் எத்தனை பிடி என்று எவரும் எழுதுவதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் தம் வீட்டிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும்படி பவுல் கூறிய முறையை இது ஒத்துள்ளது.

இவ்வழக்கம் கிறித்தவர்க்கே உரியதன்று. வங்காளத்தின் முஷ்டிபிக்ஷாவும், காஞ்சி சங்கர மடம் பரப்பிய பிடியரிசித் திட்டமும் இதே வடிவினவே. மிசோரமில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்களிடையே வேரூன்றிய 'பூஃபாய் தாம்' என்ற வழக்கின் பெயருக்கும் கைப்பிடி அரிசி என்பதே பொருள். அரிசியை உணவாகக் கொண்ட மக்கள் தனித்தனியே ஒரே அளவைக் கண்டடைந்தமை இயல்பே. கிறித்தவர் அதனோடு 'உற்சாகம்' என்ற சொல்லின் கருத்தை இணைத்தனர்.

6. அசரியா: செராம்பூரும் கல்கத்தாவும்

இவ்விணைப்பின் வரலாற்றில் முதன்மையான பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். திருநெல்வேலிக் கிறித்தவர் தம் சொந்தப் பணத்தில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்புவது அதன் நோக்கம். அயல்நாட்டுக் கொடையைப் பெற்றே வளர்ந்த சபை, கொடுக்கும் சபையாக மாற முயன்றது இங்கேதான். 1905 டிசம்பர் 25-இல் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னணியில் இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அச்சங்கத்தின் கொள்கை.

1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை பெரும் சலசலப்பை உண்டாக்கியது. அயல்நாட்டு ஊழியர்கள் வறியோர்க்காகத் தம் பொருளைக் கொடுத்தனர், உடலையும் வருத்தினர், அதற்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றி பாராட்டும் என்று கூறிய அவர், அவர்களிடம் இந்தியர் கேட்பது அன்பு, கேட்பது நட்பு என்று முடித்தார். கொடையாளரின் தாராளத்தை அவர் மறுக்கவில்லை. தாராளத்தோடு சேர்ந்து வராத ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தொல்காப்பியர் வகுத்த முறையில் நோக்கினால், அதுவரை 'ஈ' என்று கேட்டு நின்ற ஒரு சமூகம் உலக அவையில் முதன்முறையாக 'தா' என்று கேட்டது எனலாம். 'தா' என்பது ஒத்தோர் சொல்; நண்பர் சொல்.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. அவருடைய தோர்ணக்கல் மறைமாவட்டத்தினர் பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களும் கொடுக்க வேண்டும் என்று அசரியா வற்புறுத்தினார். கிறித்தவக் கொடை பற்றி ஆங்கிலத்தில் தனிநூலும் எழுதினார். வறியவரிடம் பொருள் கேட்பது கொடுமை அன்றோ என்ற வினா எழுவது இயல்பு. என்றும் பெறுபவராகவே நிறுத்தப்படுபவர் என்றும் தாழ்ந்தோராகவே நிற்பர் என்பது அவர் கண்ட விடை. ஒரு பிடி அரிசியை ஒதுக்கும் கூலிப்பெண் அந்நொடியில் கொடையாளி ஆகிறாள். பிடியரிசி வறியோர்மீது சுமத்திய சுமையினும், அவர்களுக்கு அளித்த தகுதியே பெரிது.

7. கல்கத்தாவின் சான்று

இதே கருத்து அதே நகரில் பிற்காலத்தில் வேறு வடிவில் வெளிப்பட்டது. 1950 அக்டோபர் 7-இல் கல்கத்தாவில் அன்பின் பணியாளர் சபையை நிறுவிய அன்னை தெரேசா, 1979 டிசம்பரில் ஓஸ்லோவில் ஆற்றிய நோபல் உரையில் நகரத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை எடுத்துரைத்தார். நகரில் சர்க்கரைத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், நான்கு வயது இந்துச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் சர்க்கரை உண்ணாமலிருந்து அதனை அவர்தம் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தான் என்பது ஒன்று. எட்டுக் குழந்தைகளுடன் பசித்திருந்த இந்துக் குடும்பத்துக்கு அவர் அரிசி கொண்டு சென்றபோது, அத்தாய் அதனை இரண்டாகப் பகிர்ந்து, ஒரு பகுதியை அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொண்டு போனாள் என்பது மற்றொன்று. அன்று மாலை மேலும் அரிசி கொண்டு செல்லவில்லை என்றும், பகிர்வதன் மகிழ்வை அக்குடும்பம் துய்க்கட்டும் என்று விட்டுவிட்டதாகவும் அவர் கூறினார்.

இச்செயல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உடனே மேலும் அரிசி கொடுத்திருந்தால் அத்தாயின் கொடை ஈடுசெய்யப்பட்டு மறைந்திருக்கும். கொடுக்காமல் நின்றதன் வழியே அன்னை தெரேசா அவளைக் கொடையாளியாக மதித்தார். பெறுபவருக்கும் கொடுக்கும் உரிமை உண்டு என்ற அசரியாவின் கருத்துக்கு இது நேரிய எடுத்துக்காட்டாகும்.

8. உற்சாகத்திலிருந்து முகமலர்ச்சிக்கு

1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கொடைச் சொற்களில் தெளிவான மாற்றத்தைச் செய்தது. 'ஹிலரொஸ்' என்பதற்கு அது 'முகமலர்ச்சி' என்ற சொல்லைத் தேர்ந்தது. பழைய ஏற்பாட்டின் விருப்பக் கொடைக்குத் 'தன்னார்வம்' என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1871-இல் ஒரே சொல்லில் இணைந்திருந்த இரு கருத்துகள் மீண்டும் பிரிந்தன.

இப்பிரிவினால் நேர்ந்த இழப்பும் ஆக்கமும் எண்ணத்தக்கவை. கட்டாயமின்மையும் மகிழ்வும் ஒன்றே என்று உணர்த்திய பழைய சொல்லின் செறிவு குறைந்தது. ஆனால் 'முகமலர்ச்சி' என்ற சொல் வள்ளுவர் தேடிய முகத்தைத் தமிழ் விவிலியத்துக்குள் கொண்டுவந்தது. உற்சாகம் கொடுப்பவர் உள்ளே நிகழ்வது. எதிரே ஒருவரும் இல்லாமலும் அது இருக்கலாம். முகமலர்ச்சிக்கோ காண்பவர் ஒருவர் வேண்டும். கொடை என்பது இருவர் எதிரெதிரே நிற்கும் நிகழ்ச்சி என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. 1910-இல் எடின்பரோவில் கேட்கப்பட்டதும் அம்முகமே.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலனாகும். தமிழ்க் கிறித்தவக் கொடைச் சொற்கள் சந்தா, மகமை, சங்கக் காணிக்கை என்னும் கணக்குச் சொற்களுக்கும், உற்சாகம், முகமலர்ச்சி என்னும் மனச்சொற்களுக்கும் இடையே இயங்கி வந்துள்ளன. இவ்விரண்டையும் இணைத்த அன்றாட வழக்கமாகப் பிடியரிசி விளங்கியது. மகிழ்வு வந்தபின் கொடுப்பது என்று அது காத்திருக்கவில்லை. நாள்தோறும் கொடுத்துப் பழகிய கையில் மகிழ்வு தங்கும் என்று நம்பியது. அவ்வாறு கொடுத்தவர் வறியவராகவும் பெண்ணாகவும் இருந்தமையால், கொடை உயர்ந்தோர்க்கே உரியது என்ற பழைய எல்லையும் தளர்ந்தது.

அளந்து போடும் உலையரிசி குறைந்து, குக்கரும் கடையுணவும் பெருகிய நகர வாழ்வில் பிடியரிசிக் கலம் அருகி வருகிறது. பல சபைகளில் அதன் இடத்தைப் பண உறை பிடித்துக்கொண்டது. உறையின்மேல் பெயரும் தொகையும் எழுதப்படுகின்றன. டாக்குரியாவின் வாயிலில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் சாந்தாவுக்கும் அவ்வுறைக்கும் உள்ள தொலைவு பெரிதன்று. பெயர் எழுதப்படாத ஒரு பிடியை ஒதுக்கும் வழி ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சியிருக்கும்வரை, உற்சாகம் என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருளும் எஞ்சியிருக்கும்.